பாதி ஷட்டர்

நாட்டில் எது எக்கேடு கெட்டாலும், அதை அளந்து பார்க்க ஓர் அலுவலகம் இருந்தாக வேண்டும். அந்த உயரிய நெறிப்படி, கடலூர் முதுநகர் மண்டிக்காரத் தெரு வட்டாரத்தின் பொருளாதார ஆரோக்கியம் எப்படி இருக்கிறது என்று கண்டறிய வட்டார வளநிலை ஆய்வுப் பிரிவு திருவுளம் கொண்டது.

சேதி ரொட்டியும் டீயும் விற்கும் மலிகாவின் காதுக்கும் வந்தது. வட்டாரம் நலிந்தது என்று முடிவானால் பழைய கடைகளை இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டுவார்களாம். வளமானது என்று முடிவானால் வளத்துக்குத் தக்கபடி வாடகையை ஏற்றுவார்களாம். எது வந்தாலும் அவளுடைய ரொட்டிக் கல் தெருவுக்கு வந்துவிடும். புருஷன் போன பிறகு அந்தக் கல்லை வைத்துத்தான் மகள் ஷாசியாவைக் காலேஜ் வரைக்கும் கொண்டுவந்திருந்தாள், பாவம்.

"நல்லாருக்கோம்னாலும் போச்சு, நாசமாப் போனோம்னாலும் போச்சு. என்னா மாமா பண்றது?" என்று எதிர்க்கடை இஸ்மாயிலிடம் கேட்டாள். அவர் கைலி, ஜவுளி வியாபாரி. யோசனையையும் கைலி மாதிரி நாலு தரம் உதறிப் பார்த்துத்தான் எடுத்துப் போடுவார்.

"நடுத்தரம்னு ஒண்ணு இருக்குமில்ல? அதுல போய் ஒண்டிக்கணும் புள்ள."

ஆய்வு அலுவலர் இளவரசு சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். வந்த கிழமை வெள்ளி, வந்த நேரம் ஜும்ஆ. அந்த நேரத்தில் அந்தத் தெருவில் யாரும் கடையைப் பூட்ட மாட்டார்கள். ஷட்டரைப் பாதிக்கு இழுத்துவிட்டுத் தொழுகைக்குப் போவார்கள், வந்து ஏற்றிவிடுவார்கள். காலங்காலமாக அப்படித்தான். சிதம்பரத்துக்காரருக்கு இது எங்கே தெரியும்? தெரு முழுக்க நடந்து பார்த்துவிட்டு மலிகா கடை முன்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, இது திறந்திருக்கா, மூடியிருக்கா?"

"பாதி சாத்தியிருக்கு சார். எல்லாரும் தொழுகைக்கு..."

"காரணம் எனக்கு வேணாம், நிலைமைதான் வேணும். முழுசாத் திறந்திருந்தா வளம். முழுசா மூடியிருந்தா நலிவு. பாதின்னா?"

மலிகாவுக்கு இஸ்மாயில் சொன்னது ஞாபகம் வந்தது. "நடுத்தரமா சார்?"

"அதேதான்! தெருவுல ஒரு கடை பாக்கியில்லாம நடுத்தரம். என் சர்வீஸ்லயே இப்படிப் பாத்ததில்லம்மா." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆனா ஒருநாள் பாத்து முடிவு கட்டக் கூடாது. ஒரு மாசம் திடீர் திடீர்னு வருவேன்."

அன்றிலிருந்து தெருவில் ஒரு ஷட்டரும் மேலே ஏறவில்லை. வாங்க வந்தவர்கள் குனிந்து நுழைந்தார்கள், குனிய முடியாதவர்கள் திட்டிக்கொண்டே அடுத்த தெருவுக்குப் போனார்கள். துறைமுகத்திலிருந்து மீன் கூடையைச் சுமந்துகொண்டு டீ குடிக்க வரும் பூவம்மாள் வாசலிலேயே நின்று கத்தினாள்.

"ஏண்டி மலிகா, கூடையோட எப்பிடிடி உள்ள வர்றது? தலையக் கழட்டி வச்சிட்டு வரட்டுமா?"

"கொஞ்ச நாள் பொறுத்துக்கக்கா. கடை நிக்கணுமில்ல?"

"ஒரு டீக்கு இவ்ளோ கும்பிடா? சாமிக்கே நான் இவ்ளோ குனிஞ்சதில்லடி!"

கல்யாணங்கள் குவியும் திருவந்திபுரம் கோயிலில் முகூர்த்த நாள் வந்தது. ஜவுளி எடுக்க வந்த பெண் வீட்டுக்காரர் இஸ்மாயில் கடை ஷட்டரில் மண்டையை இடித்துக்கொண்டு சம்பந்தி வீட்டோடு திரும்பிப் போனார். வியாபாரம் நிஜமாகவே பாதியானது. தம்முடைய கணிப்பு இத்தனை சீக்கிரம் பலித்ததில் இளவரசுக்கு அளவில்லாத மகிழ்ச்சி.

மாத முடிவில், வட்டாரம் 'நிலையான நடுத்தரம்' என்று அறிவிக்கப்பட்டது. இடிப்பும் இல்லை, வாடகை உயர்வும் இல்லை. தெருவே அல்வா கிண்டிக் கொண்டாடியது. மலிகா சந்தோஷத்தில் அழுதுகொண்டே ஷட்டரை மேலே தள்ளப் போனாள்.

"கையை எடும்மா!" என்று அலறினார், அறிவிப்போடு வந்திருந்த இளவரசு. "ஏத்துனா வளமாயிடும்! அப்புறம் வாடகை!"

மறுநாளே வெல்டிங்காரர் வந்து எல்லா ஷட்டரையும் பாதியில் பற்றவைத்துவிட்டுப் போனார். இதற்கு 'நிலைநிறுத்தும் பணி' என்று பெயர். இளவரசுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. பார்க்க வந்த மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் தெருக்களையும் பாதியாக்கினார்கள். செம்மண்டலம் பக்கம் புதுவீடு கட்டியவர்கள் ஹாலுக்கே பாதி ஷட்டர் வைத்து, அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

மலிகாவின் கல் மட்டும் ஆளில்லாமல் காய்ந்தது. ஷாசியாவின் காலேஜ் பீஸுக்கு வழியில்லை. கடையைக் காப்பாற்றியாயிற்று, கடைக்குள் வரத்தான் ஆளில்லை! பொறுக்க முடியாமல் ஒருநாள் இஸ்மாயிலையும் பூவம்மாளையும் கூட்டிக்கொண்டு ஆய்வுப் பிரிவுக்கே கிளம்பினாள். "இன்னிக்கு நிமிந்து நின்னு நாலு கேள்வி கேக்காம வர மாட்டேன் மாமா" என்று பஸ்ஸில் சொல்லிக்கொண்டே போனாள்.

கேட்கவும் செய்தாள். "சார், அந்த ஷட்டரை அறுத்து உடுங்க. குனிஞ்சு குனிஞ்சு சனத்துக்கு இடுப்பு உட்டுப்போச்சு. மனுசங்களுக்கு ஆவுற காரியமா இது?"

இளவரசு சாந்தமாகக் கேட்டார். "இப்ப இந்த ஆபீசுக்குள்ள எப்படி வந்தீங்க?"

"நடந்துதான் சார் வந்தோம்."

"வாசல்ல ஏதாச்சும் இடிச்சுதா?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இல்லியே."

அவர் வாசலைக் காட்டினார். திரும்பிப் பார்த்தார்கள். அங்கேயும் ஷட்டரைப் பாதிக்கு இறக்கிப் பற்றவைத்திருந்தது.

"போன மாசமே வச்சாச்சு. தினம் எத்தனையோ பேர் வர்றாங்க. இதுவரைக்கும் ஒருத்தர் தலையும் இடிக்கல, ஒருத்தரும் குறை சொல்லல. சனத்துக்குச் சிரமம் இல்லைன்னு எழுதி முடிச்சிடறேன், சரிங்களா?"

மலிகா வாயைத் திறந்தாள். கேட்க வேண்டியது ஜாஸ்தி இருந்தது.

"சரிங்க சார்" என்றாள்.

வெளியே போகும்போதும் யார் தலையும் இடிக்கவில்லை.