கரியமாணிக்கத்தின் பெட்டியில் கம்பி மாறிய கதை

ஒரு காட்டில், அது எந்தக் காடு என்று சொன்னால் சங்கத்தார் நாளைக்கே என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள் என்பதால் சொல்லாமல் விடுகிறேன், கரியமாணிக்கம் என்று ஒரு கரடி தனியாக வாழ்ந்து வந்தது. அதற்குச் சொத்து என்று இருந்தவை இரண்டு பழைய ஒலிபெருக்கிப் பெட்டிகள். மலைமேல் இருந்த எஸ்டேட் பங்களாவைக் காலி செய்த மனிதர்கள், லாரியில் இடமில்லை என்று விட்டுப்போனவை. தேக்குப் பலகை, கரடியின் இடுப்பு உயரம், முன்பக்கம் சாக்கு மாதிரி ஒரு துணி. கரடி அவற்றை ஒவ்வொன்றாக முதுகில் சுமந்து குகைக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தது.

தினமும் மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் கரடி ஒரு இசைத்தட்டைப் போடும். என்றைக்கும் அதே இசைத்தட்டுதான். கனகாம்பரம் என்ற கௌதாரி எந்தக் காலத்திலோ பாடியது. கரடி அந்தக் கௌதாரியை நேரில் பார்த்ததில்லை. ஆனால் பாட்டு தொடங்கியதும் இரண்டு பெட்டிகளுக்கும் நட்ட நடுவில், வெறும் சுவரில், அந்த அம்மாள் வந்து உட்கார்ந்து பாடுவது போல இருக்கும். மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும். கரடி கண்ணை மூடிக்கொண்டு, "வாங்கம்மா" என்று சொல்லும். வீட்டுக்கு வேறு யாரும் வருவதில்லை என்பதால், சில நாட்களில் அது பேசுகிற ஒரே வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

இப்படியே இருந்துவிட்டுப் போயிருக்கலாம். நிம்மதியாக இருக்கிற பிராணிகளுக்கு நிம்மதி மட்டும் போதாது, அதை நாலு பேர் பார்க்கவும் வேண்டும். கரடி போய்ப் பழைய ஒலிபெருக்கி ஆர்வலர் சங்கத்தில் சேர்ந்தது.

சங்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் இலவமரத்தடியில் கூடும். தலைவர் தாண்டவராயன் என்ற நரி. காலையில் ஒருவருடைய பெட்டியைக் குப்பை என்று சொல்லி வாங்கும். சாயங்காலம் அதையே கிடைப்பதற்கரியது என்று சொல்லி இன்னொருவருக்கு விற்கும். இரண்டு தடவையும் அதன் குரலில் ஒரே வருத்தம் இருக்கும். செயலாளர் ஒரு முயல். வேலை, படிவம் கொடுப்பது.

அங்கே யாரும் பாட்டைப் பற்றிப் பேசக்கூடாது. சத்தத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஓர் அணில் ஒரு தடவை, "இந்தப் பாட்டு நல்லாருக்கே, யாரு பாடினது?" என்று கேட்டுவிட்டது. அதன் பிறகு அந்த அணிலை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை.

வருஷத்துக்கு ஒரு முறை எல்லோரும் மாற்றப் படிவம் என்று ஒன்றை நிரப்பித் தரவேண்டும். உன் பெட்டியில் இந்த வருஷம் என்னென்ன மாற்றினாய் என்று அதில் ஏழு கட்டங்கள். மயில் வயரையெல்லாம் எடுத்துவிட்டு வெள்ளிக் கம்பி போட்டிருந்தது. காட்டெருமை பெட்டிக்கு அடியில் ஆட்டுக்கல் அளவுக்குக் கருங்கல் வைத்திருந்தது. குரங்கு நாலு தடவை கோனை, அதாவது உள்ளே அதிர்ந்து பாடுகிற காகிதக் கூம்பை, மாற்றியிருந்தது; முதலில் அந்தப் பெட்டி எப்படிப் பாடியது என்று குரங்குக்கே இப்போது ஞாபகமில்லை. மாற்றியவர்களுக்கு நாற்காலி. ஒன்றும் மாற்றாதவர்களுக்குத் தரை. கரியமாணிக்கம் ஆறு வருஷமாக ஏழு கட்டத்திலும் 'இல்லை' என்று எழுதிவிட்டு, எறும்புப் புற்றுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தது.

"அப்படியேவா வச்சிருக்கீங்க?" என்று மயில் கேட்கும். கல்யாணம் ஆகாத பெண்ணிடம் கேட்கிற மாதிரி இருக்கும் அந்தக் கேள்வி.

ஏழாவது வருஷம் கரடிக்குப் பொறுக்கவில்லை. ஒரே ஒரு மாற்றம் செய்துவிடுவோம் என்று முடிவு செய்து, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நாச்சியாரின் கடைக்குப் போயிற்று. நாச்சியார் ஒரு முள்ளம்பன்றி. காட்டிலேயே ஒழுங்காக ஸ்பீக்கர் வேலை தெரிந்தது அது ஒன்றுதான்.

நாச்சியார் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுக்கு ஒரு குறையும் இல்ல. எடுத்துட்டுப் போங்க" என்றது.

"குறை எனக்குத்தான் தங்கச்சி. ஏதாவது ஒண்ணை மாத்திக் குடு."

"சரி, உள்ள கண்டன்சர்னு ஒரு சின்ன டப்பி இருக்கு, அதை மாத்தித் தர்றேன். பழசு எப்படியும் உப்பியிருக்கும்."

எந்த வேலை முடிந்தாலும் நாச்சியார் ஒரு காரியம் செய்யும். டார்ச்லைட்டில் போடுகிற சின்ன பேட்டரியை எடுத்து ஸ்பீக்கர் கம்பிகளில் ஒரு நொடி தொட்டுப் பார்க்கும். இரண்டு பெட்டியிலும் கோன் முன்னால் துள்ளினால் கம்பி சரி. ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் போனால் ஏதோ ஒன்றில் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அன்றைக்குச் செயலாளர் முயல் கடைக்குள் வந்து, "இன்னிக்கு அஞ்சு மணிதான் கடைசி. மெக்கானிக் கையெழுத்து இல்லாம படிவம் செல்லாது" என்று நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் இருந்த பழைய துணிவயர் இரண்டும் வெளுத்து ஒரே நிறமாகியிருந்தன. நாச்சியார் அவசரத்தில் ஈயம் வைத்தது, மூடியது, கையெழுத்துப் போட்டது. பேட்டரி வைத்துப் பார்க்கவில்லை.

கரடி குகைக்குப் போய் இசைத்தட்டைப் போட்டது. பாட்டு வந்தது. அந்த அம்மாள் வரவில்லை.

குரல் இடதுபக்கம் கொஞ்சம், வலதுபக்கம் கொஞ்சம், தலைக்குப் பின்னால் கொஞ்சம் என்று புகை மாதிரிக் கலைந்து கிடந்தது. மத்தளத்தில் அடி விழுந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. நடுச்சுவர் வெறும் சுவராக இருந்தது. கரடி காதைக் குடைந்துவிட்டுக் கேட்டது. ஓடையில் தலையை முக்கிவிட்டு வந்து கேட்டது. பிறகு இசைத்தட்டை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தது. வீடு அவ்வளவு காலியாக அதற்கு முன்பு இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெட்டிகளை இலவமரத்தடிக்குச் சுமந்து போயிற்று. படிவத்தில் ஒரு கட்டத்தில் 'ஆம்' என்று எழுதியாகிவிட்டது. கொண்டுபோய்க் காட்டாமல் இருக்க முடியாது. பாட்டைப் போட்டார்கள். கரடி தலையைக் குனிந்துகொண்டது.

நரி மெல்ல எழுந்து நின்றது. "எங்கய்யா பாடுது? பெட்டி எங்கயோ இருக்கு, சத்தம் காடு பூரா இருக்கு!"

"பெட்டியே மறைஞ்சு போச்சு தலைவரே" என்றது காட்டெருமை.

"எனக்கு முதுகுல கேக்குது" என்றது மயில். அதைவிடப் பெரிய பாராட்டு அந்தச் சங்கத்தில் கிடையாது.

செயலாளர் முயலே ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தது. முதல் வரிசை, கைவைத்த நாற்காலி. கரடி அதில் உட்கார்ந்தது. ஆறு வருஷம் எறும்புக்கடி பட்ட உடம்பு, சுகமாகத்தான் இருந்தது. யாரோ தேநீர் கொடுத்தார்கள்.

அப்போதுதான் நாச்சியார் மூச்சிரைக்க ஓடிவந்தது. முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது. கடையைப் பெருக்கும்போது மேஜைமேல் அந்தப் பேட்டரி உறைகூடப் பிரிக்காமல் இருந்ததைப் பார்த்து, தான் சோதிக்காமல் கொடுத்துவிட்டது அதற்குத் தெரிந்துவிட்டது.

"எல்லாரும் மன்னிக்கணும். தப்பு என்மேலதான். ஒரு பெட்டியில கம்பியை மாத்தி வச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு, பெட்டிகளின் முன்துணியைக் கழற்றிப் பேட்டரியைத் தொட்டுக் காட்டியது. ஒரு பெட்டியில் கோன் முன்னால் துள்ளியது. இன்னொன்றில் உள்ளே போயிற்று.

"பாருங்க. ஒண்ணு தள்ளுது, ஒண்ணு இழுக்குது. ரெண்டு பேரு ஒரு கட்டிலை ஆளுக்கொரு பக்கம் இழுத்தா கட்டில் எங்க போகும்? அந்தம்மா குரல் நடுவுல நிக்க முடியாமத் தவிக்குது. ரெண்டு நிமிஷ வேலை, காசு வேண்டாம், இப்பவே சரி பண்ணிடறேன்."

கூட்டம் நரியைப் பார்த்தது. நரி பேட்டரியைப் பார்த்தது. இதுவரை அது தவறான பொருளைப் புகழ்ந்து மாட்டிக்கொண்டதே இல்லை.

"நம்ம சொல்றது எதுக்கு? பெட்டிக்காரரைக் கேப்போம்" என்றது. "கரியமாணிக்கம், நீங்க தினமும் கேக்கறவரு. குரல் குறைஞ்சிருக்கா, விரிஞ்சிருக்கா? சொல்லுங்க."

எல்லோரும் கரடியைப் பார்த்தார்கள். நாச்சியார் பெட்டியின் பின்பக்கத் திருகில் திருப்புளியை வைத்துக்கொண்டு காத்திருந்தது. காணோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மத்தியானம் அந்த அம்மாள் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஆனால் நாற்காலி போய்விடும். கரடி இரண்டு கையாலும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டது.

"விரிஞ்சிருக்கு" என்றது. "ஆகாசம் மாதிரி இருக்கு."

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. தான் செய்த வேலையின் அருமை தனக்கே தெரியாத கலைஞர் என்று நாச்சியாருக்கு அங்கேயே பொன்னாடை போர்த்தினார்கள். முள்ளில் மாட்டி அது கிழிந்தது.

மறுநாள் விடியும்போதே நாச்சியாரின் கடைமுன் பெட்டியும் கையுமாக வரிசை. எல்லோருக்கும் ஒரு பெட்டியில் கம்பி மாற வேண்டும். நாச்சியாருக்குக் கோபம் வந்தது. 'இங்கே தப்பு வேலை செய்து தரப்படமாட்டாது' என்று ஒரு பலகை எழுதிக் கதவில் மாட்டியது.

உடனே நரி, தான் செய்து தருவதாகப் பக்கத்திலேயே ஒரு கடை போட்டது. ஒரு பெட்டியில் மாற்றினாலே இவ்வளவு என்றால் இரண்டிலும் மாற்றினால் எவ்வளவு விரியும் என்று கணக்குப் போட்டு, எல்லோருக்கும் இரண்டு பெட்டியிலும் மாற்றிக் கொடுத்தது. இரண்டிலும் மாற்றினால் இரண்டும் சேர்ந்தே தள்ளும், சேர்ந்தே இழுக்கும். அதாவது மாற்றாததற்குச் சமம். மூன்றாம் நாள் குரங்கு வந்து நரியின் கழுத்தைப் பிடித்தது.

"யாரை ஏமாத்துற? வீட்ல போய்ப் போட்டா பாட்டுக்காரி அப்படியே நடுவுல உக்காந்திருக்கா!"

அவர்களுக்கும் காது கேட்கத்தான் செய்தது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். நாச்சியார் கவனித்தது.

இதற்கிடையில் ஒழுங்கான வேலை என்று ஒன்றுகூட அதன் கடைக்கு வரவில்லை. கிழிந்த கோன், கருகிய காயில், எதுவும் இல்லை. வீட்டில் மூன்று குட்டிகள். ஒரு வாரம் கிழங்கு அவித்துச் சாப்பிட்டுப் பார்த்தது. எட்டாம் நாள் பலகையைக் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டியது: 'ஒரு பெட்டியில் மட்டும் கம்பி மாற்றித் தரப்படும். அசல் நாச்சியார் வேலை. ஒரு வாரம் காத்திருக்கவும்.'

ஒரு வாரம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு நிமிஷத்தில் முடிகிற வேலை என்றால் மதிப்பு இருக்காது.

ஒரு மாதம் போயிற்று. கரியமாணிக்கம் சங்கத்தின் துணைத்தலைவர் ஆகிவிட்டது. ஞாயிறுதோறும் முதல் வரிசை. மற்ற ஆறு நாளும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உடம்பு இளைத்தது. கடைசியில் ஒரு புதன்கிழமை, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, நாச்சியார் கடையின் பின்பக்கமாகப் போயிற்று. கம்பி மாற்றாத பெட்டி ஏதாவது கிடந்தால் ஒரே ஒரு பாட்டு கேட்க விடு என்று கெஞ்சலாம் என்பது அதன் எண்ணம்.

பின்வாசலில் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். எல்லோர் தலையிலும் துண்டு.

"நான் கிழங்கு வாங்க வந்தேன்" என்றது மயில், யாரும் கேட்காமலே.

"நானும்தான்" என்றது காட்டெருமை.

குரங்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தது. செயலாளர் முயல் பழக்கத்தை விட முடியாமல் வரிசையைச் சரிசெய்து, அரைமணிக்கு இவ்வளவு என்று நாச்சியாருக்காகக் காசு வாங்கி டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தது. முதல் ஆளாக நின்றது தலைவர் தாண்டவராயன்தான். வால் மட்டும் துண்டுக்கு வெளியே தெரிந்தது. யாரும் யாரையும் கண்டுகொள்ளவில்லை.

ஒவ்வொருவராக உள்ளே போய் அரைமணி நேரம் கழித்துச் சிவந்த கண்ணோடு வெளியே வந்தார்கள். கடைசியாகக் கரடியின் முறை வந்தது. உள்ளே ஒரு சின்ன அறை, ஒரு பாய், கம்பி மாற்றுவதற்காக வந்து காத்திருக்கும் யாருடைய பெட்டிகளோ இரண்டு. கரடி கையோடு கொண்டுவந்திருந்த இசைத்தட்டை நாச்சியார் போட்டுவிட்டு வெளியே போயிற்று.

கனகாம்பரம் வந்து நடுவில் உட்கார்ந்தாள். மூச்சை இழுத்தாள். பாடினாள். கரடி வாய்விட்டு அழுதது.

அரைமணி ஆனதும் நாச்சியார் கதவைத் தட்டியது. "நேரம் ஆச்சுண்ணே."

"தங்கச்சி, என் பெட்டியையும் பழையபடி மாத்திக் குடுத்துடேன்."

"தாராளமா. ரெண்டு நிமிஷ வேலை" என்றது நாச்சியார். "ஆனா ஞாயித்துக்கிழமை எங்க உக்காருவீங்க?"

கரடி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"மாசத்துக்குச் சேர்த்து டோக்கன் வாங்கினா ஏதாவது குறைச்சுக்குவியா?" என்று கேட்டது.

நீதி: தப்பைத் திருத்திக் கொடுக்கிறவருக்கு ஒரு தடவைதான் கூலி. தப்பை முன்வாசலில் செய்து கொடுத்துவிட்டுச் சரியானதைப் பின்வாசலில் வாடகைக்கு விடுகிறவருக்குக் குட்டிகள் பெரிதாகிற வரை கவலையில்லை.