கொளுத்திப் பாத்துட்டுதான் விலை

நீங்க போட்டிருக்கற சட்டைலேர்ந்து நூலைப் பிச்சு, உங்க கண்ணு முன்னாடியே கொளுத்தி, மோந்து பாத்து, "இதுக்கு நீ குடுத்தது ரொம்ப ஜாஸ்தி"ன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?

எனக்கு சொன்னாங்க. அறிமுகமாகி ரெண்டு நிமிஷம்கூட ஆகல. "லினன்னு சொல்லி வித்தானா? பாதி பாலியெஸ்டர். உன்ன பாத்ததுமே தெரிஞ்சிருக்கும் அவனுக்கு"ன்னாங்க. அவங்கதான் தீப்பெட்டி அக்கா. பசிபிக் கடல்ல எத்தனை தீவு இருக்கோ அத்தனைலயும் சேத்து, ஒரு துணி பொய் சொல்லுதா உண்மை சொல்லுதான்னு மூக்காலயே தீர்ப்பு சொல்ற ஆளு அவங்க ஒருத்தங்கதான். வேணும்னா தீவு தீவா போய் தேடிக்கோங்க, நான் இங்கயே வெயிட் பண்றேன்.

ஃபிஜில சுவா பக்கத்துல லாமின்னு ஒரு ஊரு, அங்க டயர் கடைக்குப் பின்னாடி ஒரு தகர ஷெட். அதுதான் அக்கா கடை. ஆஸ்திரேலியாலேர்ந்து, நியூசிலாந்துலேர்ந்து பழைய துணி மூட்டை மூட்டையா வந்து இறங்கும். சுத்துப்பட்டு கடைக்காரங்க எல்லாம் மூட்டையைப் பிரிச்சதும் லேபிள் தேடுவாங்க. அக்கா லேபிள் பக்கமே போக மாட்டாங்க. துணியை உள்பக்கம் திருப்பி, கோழி உரிக்கற மாதிரி விரிச்சுப் போட்டுட்டு தையலைப் பாப்பாங்க. "பேரை யாரு வேணா தெச்சுக்கலாம்டி. கோடு போட்ட துணியா? சைடு தையல்ல இந்தப் பக்க கோடும் அந்தப் பக்க கோடும் ஒண்ணா சேருதா பாரு. சேந்துச்சுன்னா, தெச்சவனுக்கு நல்ல சம்பளம் குடுத்திருக்காங்க. நாமளும் நல்ல விலை போடலாம்." அப்புறம் பட்டன். அப்புறம் ஜிப். கடைசியா, ஜாக்கெட்டுக்குள்ளேர்ந்து தீப்பெட்டி வெளிய வரும்.

முடி கருகின வாசனை வந்தா பட்டு, இல்லன்னா கம்பளி. பேப்பர் எரிஞ்ச வாசனைன்னா பருத்தி. உருகி, கருப்பா மணி மாதிரி கெட்டியாச்சுன்னா அது பிளாஸ்டிக் குடும்பம், அதுகூட அக்கா பேச்சே வச்சுக்க மாட்டாங்க.

இந்த வியாதி கடையோட நிக்கல. ஒரு தடவை கோயில் பூசாரி, சென்னைலேர்ந்து வரவழைச்ச பட்டு வேட்டி கட்டிட்டு கம்பீரமா தீபாராதனை காட்டிட்டு இருந்தாரு. எல்லாரும் கன்னத்துல போட்டுக்கறாங்க. அக்கா மட்டும் வேட்டி நுனியை ரெண்டு விரலால கசக்கி, காதுகிட்ட வச்சு கேக்கறாங்க. நல்ல பட்டு கசக்கினா சத்தம் போடுமாம்.

"சாமி, இது பேசலையே. நைலான். கற்பூரத்துகிட்ட போகாதீங்க."

"அம்மா, சந்நிதில நின்னுட்டு என்ன பேச்சு இது!"

அடுத்த வெள்ளிக்கிழமை வேட்டில ஒரு ஓட்டை. சுத்திலும் கருப்பு மணி. பூசாரி மூணு வாரம் அக்காவுக்கு மட்டும் விபூதியை தூரத்துலேர்ந்தே போட்டாரு.

சரி, நான் எப்படி இதுல வந்து மாட்டினேன்? எங்கப்பா திருநெல்வேலிலேர்ந்து இங்க கணக்கு வாத்தியாரா வந்தவரு. நான் சுவாவுல பி.காம் முடிச்சு வெளிய வர்றேன், ரெண்டாயிரத்து ஆறு டிசம்பர்ல ராணுவம் ஆட்சியைப் பிடிக்குது. டைமிங் பாருங்க. எந்த ஆபீஸுக்குப் போனாலும் "நிலைமை சரியாகட்டும்மா"ங்கறாங்க. அக்கா மட்டும்தான் "உனக்கு இங்கிலீஷ் டைப் அடிக்கத் தெரியுமா?"ன்னு கேட்டாங்க. நல்ல டிசைனர் துணியை இன்டர்நெட்ல போட்டு, அது எந்த ஊர்லேர்ந்து வந்துச்சோ அந்த ஊருக்கே திருப்பி விக்கறதுதான் ஐடியா. மூக்கு அவங்களோடது, டைப்பிங் என்னோடது. பார்ட்னர்ஷிப்.

அக்கா ஃபிஜிலயே பொறந்து வளந்தவங்க. கொள்ளுத்தாத்தா கரும்பு வெட்ட மெட்ராஸ்லேர்ந்து கப்பல்ல வந்தவரு. அதனால அவங்க தமிழ்ல கொஞ்சம் பழைய மெட்ராஸ், கொஞ்சம் ஃபிஜி ஹிந்தி, மேல தூவினாப்ல இங்கிலீஷ். என்னை பேர் சொல்லி கூப்பிட்டதே இல்ல.

"ஏ இந்தியா! இந்த கவுனுக்கு என்னா விலை போட்ட?"

"நானூறு டாலர்க்கா. இதே மாதிரி ஒண்ணை இன்னொருத்தி நானூறுக்குப் போட்டிருக்கா."

"கோன்ச்சி?" அவங்க பாஷைல 'என்னது?'ன்னு அர்த்தம். "போட்டிருக்காளா, வித்திருக்காளா?"

"போட்டிருக்கா."

"கேக்கறதுக்கு என்னாடி! எங்க வூட்டுக்காரர் தினம் கோழிக்கறி கேக்கறாரு. கிடைக்கறது பருப்புதானே? வித்த விலையைப் பாரு."

வித்த விலை தொண்ணூறு. மூணு வருஷம் காலேஜ்ல நான் படிச்ச மொத்த எகனாமிக்ஸும் அந்தப் பருப்புல கரைஞ்சு போச்சு.

எங்க பெரிய சொத்து, நூத்துக்கு நூறு நல்ல பேரு. வாங்கினவங்க ஒருத்தர்கூட குறை சொன்னதில்ல. அதுக்கும் ஒரு நாள் ஆபத்து வந்துச்சு. ஆக்லாந்துல ஒரு அம்மா, "இந்த பிளவுஸ் பட்டே இல்ல, பணத்தைத் திருப்பு"ன்னு மெயில் போட்டாங்க. அக்காவுக்கு வந்துச்சே கோவம். "ஒரு நூலை கொளுத்திப் பாக்கச் சொல்லுடி!"ன்னாங்க. நானும் அவசரத்துல அப்படியே டைப் பண்ணேன், ஆனா 'ஒரு நூலை'ங்கறதை விட்டுட்டேன். அந்தம்மா தோட்டத்துல வச்சு பிளவுஸையே கொளுத்திட்டாங்க. மறுநாள் பதில் வருது: "மன்னிக்கவும். முடி கருகின நாத்தம் வந்தது. பட்டுதான். அருமையான கடை." அஞ்சு ஸ்டார்!

இப்ப கோட்டு கதைக்கு வரேன். ஃபிஜில யாருக்கு கோட்டு வேணும்? நிழல்ல நின்னாலே வேர்த்து ஊத்தற ஊரு. ஆனா மூட்டைல கம்பளி கோட்டு வந்தா அக்கா ஒண்ணைக்கூட தூக்கிப் போட மாட்டாங்க. ஒவ்வொரு தடவை ஆட்சி கவிழ்ந்ததும் நம்ம ஆளுங்க குளிர் நாட்டுக்கு மூட்டை கட்டுவாங்க இல்ல, அப்ப கோட்டு வாங்க நேரா இங்கதான் வருவாங்க. எண்பத்தேழுல ராணுவம் தூக்கின துப்பாக்கிலேர்ந்து எல்லாத்தையும் பாத்துட்டாங்க அக்கா. ரேடியோல எந்த ஜெனரல் என்ன சொல்றாருன்னு அவங்களுக்குக் கவலையே இல்ல. கோட்டு மாட்டற ஸ்டாண்டு காலியாகுதா, அப்ப நிலைமை மோசம். அவ்ளோதான் அவங்க அரசியல்.

அப்படியே ஒரு நாள் அந்த அலை அவங்க வீட்டுக்கும் வந்துச்சு. அவங்க வீட்டுக்காரர், டாக்ஸி ஓட்டினவரு, முன்னாடியே கனடாவுல எட்மன்டனுக்குப் போயிட்டாரு. ஒரு குடோன்ல வேலை, ஒத்தையா ஒரு ரூமு, அக்காவுக்கு விசா வர்றதுக்குக் காத்திருக்காரு. நெருப்புக்கு பயப்படாத அக்காவுக்கு குளிருன்னா செத்த பயம். ஐஸை ஃப்ரிட்ஜ்ல மட்டும்தான் பாத்திருக்காங்க. அதனால ஒரு மூட்டைல வந்த பழுப்பு கலர் கோட்டு ஒண்ணை, காஷ்மியர்னு லேபிள் போட்டது, தனக்குன்னு எடுத்து திரைக்குப் பின்னாடி மாட்டி வச்சிருந்தாங்க. "இந்தக் கோட்டு இருந்தா நான் ஏறுவேன். இல்லாட்டி செங்கா!" செங்கான்னா ஃபிஜியன்ல 'கிடையாது'. ஃபோன்ல புருஷன்கிட்டயும் அதையேதான் சொன்னாங்க. அந்த மனுஷன் தினம் கோட்டு நல்லா இருக்கான்னு விசாரிப்பாரு.

விசா வந்துடுச்சு. வேண்டிக்கிட்ட மாதிரி அந்த வருஷம் மாரியம்மனுக்கு தீ மிதிக்கணும், அதுக்கு பத்து நாள் கோயில்லயே விரதம். கடைக்கு நான் மட்டும்.

இங்கதான் விஷயம். நாங்க துணில நூல் கட்டி வைப்போம். பச்சை நூல்னா துவைக்கணும். சிவப்புன்னா கிழிசல். மஞ்சள்னா அக்கா கொளுத்திப் பாத்தாச்சு, உடனே போட்டோ எடுத்து இன்டர்நெட்ல ஏத்து. நான் திரைக்குப் பின்னாடி பெருக்கப் போறேன், கோட்டு பட்டன்ல மஞ்சள் நூல் தொங்குது. அட, அக்கா மனசு மாறிட்டாங்க போல, வேற நல்ல கோட்டு கிடைச்சிடுச்சு போலன்னு நெனச்சேன். 'சுத்தமான காஷ்மியர், சோதிச்சது'ன்னு போட்டு ஏத்தினேன். மூணு மணி நேரத்துல நியூசிலாந்துல டனீடின்ங்கற ஊர்ல ஒரு பொண்ணு வாங்கிட்டா. நான் கடைக்குள்ளயே ஒரு சின்ன டான்ஸ் ஆடினேன்.

தீ மிதிச்ச மறுநாள் அக்கா வர்றாங்க. மஞ்சள் பூசின காலு, முகமெல்லாம் பளபளன்னு. திரையை விலக்கினாங்க.

"ஏ இந்தியா. கோட்டை ஏன்டி அட்டைப்பெட்டில வச்சிருக்க?"

"வித்தாச்சுக்கா! செம விலை! மஞ்சள் நூல் கட்டியிருந்தீங்களே!"

அக்கா அப்படியே மூட்டை மேல உக்காந்துட்டாங்க. "அது மஞ்சள்ல முக்கின நூலுடி. விசாவுக்கு ஆத்தாகிட்ட முடிஞ்ச நூலு."

"கேன்சல் பண்ணிடறேன்க்கா, இப்பவே"ன்னேன்.

"வித்தா வித்ததுதான். சொன்ன வார்த்தை போச்சுன்னா அப்புறம் கடை எதுக்கு?" கொஞ்ச நேரம் அந்தக் கோட்டைத் தடவிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம், "என்னான்னு எழுதின?"ன்னு கேட்டாங்க.

"சுத்தமான காஷ்மியர். சோதிச்சது."

"நான் சோதிக்கலையேடி."

"என்னக்கா சொல்றீங்க? பூசாரி வேட்டியையே விடலையே நீங்க!"

"இதை கொளுத்த மனசு வரல."

சோதிக்காத சரக்கை சோதிச்சதுன்னு அனுப்ப முடியாது. உள் தையல்லேர்ந்து ஒரு நூலை உருவினாங்க. நேத்து நெருப்புல தயங்காம நடந்தாங்களாம். இப்ப தீப்பெட்டியை என் கைல திணிக்கறாங்க. நான்தான் உரசிக் குடுத்தேன்.

நூலு சுருண்டுச்சு. உருகுச்சு. கருப்பா, கெட்டியா, குட்டியா ஒரு மணி.

நான் அக்கா மூஞ்சியைப் பாக்கவே இல்ல. டயர் கடைல சுத்தியல் சத்தம் மட்டும் கேக்குது. அப்புறம் இன்னொரு சத்தம். அழறாங்கன்னு நெனச்சு திரும்பினா, அக்கா சிரிக்கறாங்க. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, மூட்டை மேலேர்ந்து சரிஞ்சு விழற அளவுக்கு.

"ரெண்டு வருஷமாடி! ரெண்டு வருஷமா ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, இது இருந்தா போவேன், இல்லாட்டி போவ மாட்டேன்னு அந்த மனுஷனை வாட்டி எடுத்திருக்கேன்!"

டனீடின் பொண்ணுக்கு உண்மையை எழுதினோம். காஷ்மியர் இல்ல, பாலியெஸ்டர், பணத்தைத் திருப்பித் தர்றோம்னு. அவ பதில் எழுதினா: "பரவால்ல, எனக்கு பட்டன் பிடிச்சிருக்கு. விலையைக் குறைச்சு அனுப்புங்க." கோட்டு போயிடுச்சு. நூலை மட்டும் அக்கா அவுத்து எடுத்துட்டு போய் கோயில்ல குடுத்துட்டாங்க.

"கோட்டுக்கு என்னக்கா பண்ணுவீங்க?"ன்னேன், குத்த உணர்ச்சி தாங்காம.

"கனடாக்காரன் என்னா கோவணத்தோடயா திரியறான்? அங்கயும் கடை இருக்கும். கொளுத்திப் பாத்து வாங்கிக்கிறேன்."

நவம்பர்ல ஃப்ளைட். நான் லாமி பூரா வீடு வீடா போய் குளிருக்கு எது கிடைச்சுதோ அத்தனையும் பொறுக்கிட்டு வந்தேன். ரெண்டு ஸ்வெட்டர், ஒரு ரக்பி ஜெர்ஸி, பூசாரி கோவத்தை மறந்து குடுத்த ஒரு சால்வை. நாண்டி ஏர்போர்ட்ல கொதிக்கற வெயில்ல அக்கா எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா மாட்டிக்கிட்டு, வேர்த்து ஊத்திக்கிட்டே ஒவ்வொண்ணா தொட்டுச் சொல்றாங்க: "அக்ரிலிக். அக்ரிலிக். பருத்தி, நனைஞ்சா செத்தேன். அரே, சால்வை நெஜ கம்பளிடி! அந்த ஆளு நல்லவன்தான்!"

செக்கிங்ல ஜாக்கெட்டுக்குள்ள இருந்த தீப்பெட்டியைப் பிடுங்கிட்டாங்க. அந்த ஆபீஸர்கிட்ட அக்கா போட்ட சண்டையை எட்டு கேட்டு தள்ளி இருந்தவங்களும் கேட்டிருப்பாங்க. கடைசியா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு, என் சட்டையைக் காட்டி, மூக்கைப் பொத்திக் காட்டிட்டு போயிட்டாங்க.

அங்க போன ரெண்டாவது வாரம் ஏதோ ஒரு கடைல கோட்டு கொளுத்தப் போய், செக்யூரிட்டி வந்து வெளிய கூட்டிட்டு போனானாம். இப்ப சனிக்கிழமை சனிக்கிழமை கம்ப்யூட்டர்ல பேசறோம். நான் துணியை கேமரா முன்னாடி கொளுத்திக் காட்டணும், அவங்க அங்கேர்ந்து, "புகை எந்தப் பக்கம் போவுது? வாசனையைச் சொல்லு, உன் மூக்கு மண்ணாங்கட்டி, சரியா மோந்து சொல்லு"ன்னு கத்துவாங்க. போன வாரம் விலை பேச வேண்டியது ஒண்ணும் இல்ல. இருந்தாலும் ஒரு மணி நேரம் பேசினோம்.

இங்க சனிக்கிழமை மத்தியானம் ரெண்டரை. அங்க இன்னும் வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஏழரை. அக்கா இன்னும் ஆன்லைன் வரல, நான் கைல தீப்பெட்டியோட காத்துட்டு இருக்கேன்.