முதுகுதான் முக்கியம்

மோகன்ராஜின் மனைவி நிர்மலா வீடு திரும்புவதற்கு விலை நாலாயிரம் மஞ்சள் டீசர்ட். ஒன்று குறைந்தாலும் வரமாட்டாள். விலையை வைத்தது அவளேதான். பேரத்துக்கு இடமே கொடுக்கவில்லை.

டீசர்ட்டுகள் ஏற்றுமதிக்காகத் தைத்தவை. வெளிநாட்டுக்காரன் ஒப்புக்கொண்ட சாம்பிளில் லேபிள் இருந்த இடத்துக்கும், மோகன்ராஜ் தைத்த சரக்கில் லேபிள் இருந்த இடத்துக்கும் ஒரு விரற்கடை வித்தியாசம். ஆர்டர் ரத்து. குடோன்காரரும் இடத்தைக் காலி செய்யச் சொல்ல, பண்டல்கள் வீட்டுக்கு வந்தன. முதலில் ஹால். அடுத்து சாமி ரூம். அதுவரை நிர்மலா பொறுத்துக்கொண்டாள். பண்டல்கள் கட்டில்மேல் ஏறிய அன்று பையைத் தூக்கிக்கொண்டு மடத்துக்குளத்தில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

"ஏனுங்க, கட்டில் கண்ணுக்குத் தெரிஞ்சா போன் பண்ணுங்க. அதுவரைக்கும் அந்த மஞ்சளோடவே குடும்பம் நடத்துங்க."

டீசர்ட் விற்க இப்போதெல்லாம் கடை வேண்டியதில்லை, ரீல்ஸ் வேண்டும். பக்கத்துத் தையல் யூனிட்காரர் தினம் பத்து போட்டுத் தள்ளினார். மோகன்ராஜுக்கு ஒன்று எடுக்கவே மாடலுக்கு ஒரு நாள், கேமராக்காரருக்கு ஒரு நாள், இரண்டு பேரும் சண்டை போட்டுச் சமாதானமாக ஒரு நாள் ஆனது.

"ஆளுக எதுக்குண்ணே?" என்றாள் அபிராமி. ராஜபாளையத்துப் பெண். யூனிட்டில் ஆர்டர் பார்ப்பது, பில் போடுவது, கம்ப்யூட்டர் தட்டுவது எல்லாம் அவள்தான். "என்ன வேணும்னு எழுதிக் குடுத்தாப் போதும். ஏஐ வீடியோவாவே பண்ணித் தந்துரும். மாடலும் வேணாம், மாடலுக்குப் பிரியாணியும் வேணாம்."

"எவ்வளவு நேரம் ஓடும்?"

"எட்டு செகண்டு."

"பத்தாப் போட்டுக் குடுக்கச் சொல்லு கண்ணு. மொத வியாபாரம்."

"அது மிஷினுண்ணே!"

"மிஷினா இருந்தா என்ன? வேண்டாம்னு எந்திரிச்சுப் போற மாதிரிப் போ. பொறத்தாலயே கூப்புடும்."

அபிராமி லேப்டாப்பை மூடிவிட்டு டீ குடிக்கப் போனாள். திரும்பி வரும்வரை அது கூப்பிடவில்லை. திருப்பூரில் படியாத முதல் ஆளைப் பார்த்த மரியாதையோடு மோகன்ராஜ் எட்டு செகண்டுக்கு ஒத்துக்கொண்டான்.

'மஞ்சள் டீசர்ட் போட்ட இளைஞர் திருப்பூர் வீதியில் நடந்து வந்து, திரும்பி நிற்கிறார்' என்று எழுதிக் கொடுத்தார்கள். டீசர்ட்டின் போட்டோவையும் போட்டார்கள். வீடியோ வந்தது. வீதியெல்லாம் பனி கொட்டிக் கிடந்தது. தூரத்தில் ஒரு கோட்டை.

"இது எந்த பஸ் ஸ்டாப்பு?" என்றான் மோகன்ராஜ்.

"தெரியலண்ணே. ஆனா டீசர்ட்டப் பாருங்க."

பார்த்தான். அதே மஞ்சள், அதே கழுத்துப் பட்டை. "அது போதும். ஊரு எதா இருந்தா நமக்கென்ன, சரக்கு நம்முளுது."

மத்தியானச் சாப்பாட்டுக்குள் முப்பது வீடியோக்கள் தயாராகி முப்பதும் இன்ஸ்டாகிராமில் ஏறின. ஏற்றுவதற்கு முன் ஒன்றையும் யாரும் முழுசாகப் பார்க்கவில்லை. உட்கார்ந்து பார்க்க நேரமிருந்தால் எதற்கு ஏஐ?

சாயங்காலம் அபிராமி ஓடி வந்தாள். ஒரு வீடியோ மட்டும் கண்டபடி ஓடிக்கொண்டிருந்தது. அதில் இளைஞர் நடந்து வருகிறார், சிரிக்கிறார், திரும்புகிறார். முதுகின் நடுவிலிருந்து மூன்றாவதாக ஒரு கை தொங்குகிறது. உள்ளே ஆள் கை இல்லை. வெறும் டீசர்ட் கை, காற்றில் ஆடி எல்லோருக்கும் டாட்டா காட்டுகிறது.

கீழே கமெண்டுகள் குவிந்திருந்தன. 'ஒரு கையில் டீ, ஒரு கையில் வடை, ஒரு கையில் போன். சூப்பர் ஜி.' 'கை மூணு இருந்தும் விலையை எழுத ஒரு கை இல்லையா?'

"மானம் போகுது, அழிச்சுரு!"

அபிராமி அழிக்க விரலை நீட்டினாள். போன் அடித்தது.

"பல்லடத்துல இருந்து மயில்சாமி பேசறனுங்க. கோழிக் கம்பெனி. எங்களுக்கு இருவத்தஞ்சாம் வருச விழா வருது. பண்ணைக்காரங்க அத்தன பேருக்கும் டீசர்ட் குடுக்கறோமுங்க. உங்க வீடியோ பாத்தேன். அப்பிடியே கோழிக்குஞ்சு மஞ்சள்! நாலாயிரம் வேணுமுங்க."

மோகன்ராஜின் கண்முன் கட்டில் தெரிந்தது. தலையணைகூடத் தெரிந்தது.

"எந்த வீடியோவுங்க?"

"ஒருத்தன் திரும்பி முதுகைக் காட்டறானே, அதுதானுங்க. எங்களுக்கு முதுகுதான் முக்கியம். வீடியோவுல பாத்த அதே சரக்கா இருக்கோணும்."

பிறகு அரை மணி நேரம் விலை பேசினார்கள். சரக்கைப் பற்றிப் பேசியது அந்த மூன்று வாக்கியம்தான். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வண்டியோடு வருவதாகச் சொல்லி மயில்சாமி போனை வைத்தார்.

அபிராமி நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள். "அண்ணே, அவரு மூணு கையா கேக்குறாரு?"

"முதுகுதான் முக்கியம்னாரே. முதுகுல வேற என்ன இருக்குது?"

"கோழிக் கம்பெனிக்கு எதுக்குண்ணே மூணு கை?"

மோகன்ராஜ் யோசித்தான். முகம் மெல்ல மலர்ந்தது. "ரெண்டு றெக்கை, ஒரு வாலு! வெளம்பரம் கண்ணு, வெளம்பரம்!"

"எதுக்கும் ஒரு போன் போட்டுக் கேட்டுருவமே."

"கேக்கறதா? ஆர்டர் குடுத்தவரை நாம ஒரு கேள்வி கேட்டா அவரு திருப்பி ரெண்டு கேள்வி கேப்பாரு. ரெண்டாவது கேள்வி வெலையப் பத்தி இருக்கும். லேபிள் ஒரு விரக்கடை எறங்குனதுக்கே பொண்டாட்டிய மடத்துக்குளத்துக்கு அனுப்பிட்டு உக்காந்திருக்கறேன். ஒரு முழுக் கையே இல்லீன்னா உடுவாங்களா? இந்த வீடியோதான் சாம்பிள். இதுல இருக்கறத அப்பிடியே தெக்கறோம்."

நிர்மலாவுக்குப் போன் பறந்தது.

"நாலாயிரமும் ஒட்டுக்காவா?" பல நாளாக இல்லாத குழைவு அவள் குரலில் இருந்தது. "வெள்ளிக்கெழம வந்தர்றனுங்க. கட்டிலத் தொடச்சு வைங்க."

தையல் பிரிவைக் கட்டி மேய்ப்பவள் கருத்தம்மா. உசிலம்பட்டிக்காரி. டீசர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மொதலாளி, கை வைக்கணும்னா முதுகுல வட்டமா வெட்டணும். வெட்டுனா வெட்டுனதுதான். பெறகு நீங்க அழுதாலும் ஒட்டாது."

"வெட்டு."

"எந்த எடத்துல வெட்ட?"

அங்கேதான் சிக்கல். வீடியோவின் மூன்றாவது செகண்டில் கை கழுத்துக்குக் கீழே இருந்தது. ஐந்தாவது செகண்டில் இடுப்புக்கு வந்துவிட்டது. கருத்தம்மா இஞ்ச் டேப்பை லேப்டாப் திரையிலேயே வைத்து அளந்தாள்.

"ஆளு நடக்க நடக்க கை எறங்குது. எந்தக் கைய நம்ப?"

'கை நகரக் கூடாது' என்று கண்டிப்பாக எழுதி அபிராமி இன்னொரு வீடியோ வாங்கினாள். கை நகரவில்லை. ஆனால் நாலு இருந்தது.

"மூடு, மூடு!" என்று மோகன்ராஜ் பதறினான். "பல்லடத்துக்காரர் பாத்தா அதையும் கேப்பாரு."

கடைசியில் அவன் தன் பரம்பரை வழக்கப்படி தீர்ப்புச் சொன்னான். "கழுத்துக்கும் வேண்டாம், இடுப்புக்கும் வேண்டாம். ரெண்டுக்கும் நடுவுல பேசி முடி."

கைக்குத் துணி இல்லை. புதிதாகச் சாயம் போட்டு வாங்கினார்கள். மஞ்சள் ஒரு பிடி தூக்கலாக வந்தது. "வாலு கொஞ்சம் கருத்துத்தான் இருக்கும்" என்று தேற்றிக்கொண்டான். சரக்கில் குறை பார்க்கும் செக்கிங் பெண்களோ கைப்பழக்கத்தில் மூன்று கை வைத்ததையெல்லாம் கழிவில் வீசிவிட்டு, மூன்றாவது கை தைக்காத டீசர்ட்டுகளை மடித்துப் பாலிதீன் கவரில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மோகன்ராஜ் மேஜையருகே நின்று தொண்டை கட்டக் கத்தினான்.

"ரெண்டு கை ரிஜெக்ட்! மூணு கை பாஸ்!"

முடிந்த டீசர்ட் ஒன்றை ஒரு தையல்காரருக்கு மாட்டி நடக்கவிட்டு, நிஜமான கேமராவில் ஒரு ரீல்ஸ் எடுத்துப் போட்டாள் அபிராமி. முதல் கமெண்ட் வந்தது: 'ஏஐன்னு அப்பட்டமா தெரியுது.'

மோகன்ராஜுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "பாத்தியா, சாம்பிளோட அப்பிடியே ஒத்துப்போகுது!"

வெள்ளிக்கிழமை வந்தது. ஒவ்வொரு டீசர்ட்டுக்கும் ஒரு கை கூடியதால் பண்டல்கள் பருத்து, வீட்டுக்குள் இடம் போதாமல் சமையலறைக்கும் பரவியிருந்தன. இன்னும் ஒரு மணி நேரம்தானே என்று அவன் கவலைப்படவில்லை. சரக்கை ஏற்றிவிட அபிராமியும் கருத்தம்மாவும் வந்திருந்தார்கள். வாசலில் மயில்சாமியின் வண்டி வந்து நின்றது. பின்னாலேயே ஓர் ஆட்டோ. நிர்மலா இறங்கினாள். தலையில் மல்லிகைப்பூ.

மயில்சாமி ஒரு பண்டலைப் பிரித்து டீசர்ட்டை விரித்தார். "கலரு அருமைங்க. குஞ்சேதான்."

நிர்மலா புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். அவன் கருத்தம்மாவைப் பார்த்துச் சிரித்தான். மயில்சாமி டீசர்ட்டைத் திருப்பினார்.

 தொங்கிய கையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டார். அது ஆடியது.

"இதென்னுங்க?"

"வாலுங்க!" என்றான் மோகன்ராஜ். "வீடியோவுல பாத்த அதே சரக்கு."

"எங்க கம்பெனி பேரை முதுகுலதானுங்க பிரிண்ட் அடிக்கோணும். அதுக்குத்தான முதுகு முக்கியம்னேன்? அந்த எடத்துலயே ஓட்டை போட்டு வெச்சிருக்கறீங்க!"

"வீடியோவுல மூணு கை இருந்துதுங்களே!"

மயில்சாமி அவனை நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அட சாமி! ஏஐ வீடியோன்னா அப்பிடித்தானுங்க வரும். போன மாசம் எங்க வெளம்பரத்துல கோழிக்கு நாலு காலு வந்துது. அதுக்காவ நாங்க என்ன, கோழிக்குக் காலு தெச்சா வித்தோம்?"

வண்டி காலியாகவே பல்லடத்துக்குத் திரும்பியது. நிர்மலா கதவோரம் நின்று எட்டிப் பார்த்தாள். கட்டில் இருக்கும் திசை முழுக்க மஞ்சள். வியாபாரி வீட்டு மருமகள் அல்லவா, முன்யோசனையாக ஆட்டோவை அனுப்பாமல்தான் நிறுத்தி வைத்திருந்தாள். அவளை ஏற்றிக்கொண்டு அதுவும் கிளம்பியது.

டெலிவரி நோட்டோடு நின்றிருந்த அபிராமி மெதுவாகக் கேட்டாள். "அண்ணே, இதுல என்னன்னு எழுத?"

மோகன்ராஜ் பிரித்த பண்டலை மறுபடி கட்டிக்கொண்டிருந்தான். கருத்தம்மாதான் சொன்னாள்.

"எழுதிக்க தாயி. டீசர்ட்டு நாலாயிரம். கை பன்னெண்டாயிரம். வரவேண்டிய பாக்கி, மொதலாளியம்மா ஒண்ணு."