டேப் துரையின் சுவர்கள்

லண்டனில் கட்டடம் வரையத் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். இல்லாத சுவரில் முட்டிக்கொள்ளத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர்தான் எங்கள் டேப் துரை.

மற்ற கட்டடக் கலைஞர்கள் கார் ஷெட்டில் ஆரம்பித்துக் கோபுரத்தில் போய் முடிப்பார்கள். துரையின் தொழில் வாழ்க்கை தலைகீழ். அசல் ஆங்கிலேயரான அவர் இளம் வயதிலேயே நதிக்கரையில் ஒரு கண்ணாடிக் கோபுரம் கட்டிப் பரிசெல்லாம் வாங்கியவர். திறப்பு விழா அன்று கழிப்பறையைத் தேடிப் போனவர் திரும்பி வரவில்லை. எல்லோரும் கேக் சாப்பிட்டு முடித்த பிறகு, துடைப்பம் வைக்கும் அறையிலிருந்து காவலாளி அவரை மீட்டாராம். அன்றைக்கே சபதம்: நடந்து பார்க்காத எதையும் இனிக் கட்டுவதில்லை. கோபுரத்தை எப்படி நடந்து பார்ப்பது? அதனால் கோபுரத்திலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து நூலகம் என்று இறங்கி வந்து, கோலியர்ஸ் வுட் பகுதியில் இருந்த அவருடைய அலுவலகத்தில் நான் சேர்ந்தபோது குப்பைத்தொட்டி வைக்கும் கொட்டகை வரைந்துகொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக.

அலுவலகத்தின் பின்னால் இருந்த கார் பார்க்கில், வரைந்ததை அசல் அளவில் டேப் ஒட்டித் தரையில் போட்டுவிடுவார். கோடு என்றால் சுவர். இடைவெளி என்றால் கதவு. முதல் நாள் இது தெரியாமல், தாமதமாகிவிட்டதோ என்ற பதற்றத்தில் குறுக்கே ஓடினேன். மாடி ஜன்னலிலிருந்து ஓர் அலறல்: "சுவர்!" திடுக்கிட்டு நின்று, யாரிடம் என்று தெரியாமல் "ஸாரி" சொன்னேன். துரைக்கு ரொம்பத் திருப்தி. சுவரிடம் மன்னிப்புக் கேட்ட முதல் ஆள் நான்தானாம்.

அவருக்கு டேப் துரை என்று பெயர் வைத்தவர், அதே இடத்தில் தன் வேனை நிறுத்தும் எலெக்ட்ரீஷியன் குகன் அண்ணா. யாழ்ப்பாணத்துக்காரர்.

"தங்கச்சி, என்ர வான் இப்ப எங்க நிக்குது சொல்லுங்கோ பாப்பம்?"

"குப்பைக் கொட்டகையில நிக்குது, அண்ணா."

"போன கிழமை ஆரோ ஒருத்தற்ற குளியலறைக்குள்ள நிண்டது. உந்த மனுசன் ஒரு நாளைக்கு என்னையும் சேத்து வச்சுப் பூட்டப்போகுது."

இவ்வளவு பேசினாலும், வேனிலிருந்து இறங்கினால் அவரும் கதவு வழியாகத்தான் வெளியே வருவார்.

பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்பியபோது அலுவலகத்தின் கையில் மிச்சமிருந்தது ஒரே வேலை. பக்கத்து டூட்டிங் பகுதியில் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் ஒரு சின்ன கிளினிக். கிளினிக்கைக் கட்டும் குழு எங்கள் வரைபடத்தை ஒப்புக்கொண்டால் அலுவலகம் நடக்கும். இல்லையென்றால் மூடுவிழா, நானும் வீட்டில். கைக்குழந்தைக்காரிக்கு வேறு யார் வேலை தருவார்கள்? குழுத் தலைவியோ வாசலில் பெரிய கண்ணாடிக் கூடம் வேண்டும் என்றார். துரை மாட்டவே மாட்டேன் என்றார். கடைசியில் "இரண்டையும் நடந்து பாருங்கள்" என்று குழுவையே கார் பார்க்குக்கு வரச்சொல்லிவிட்டார்.

அன்றைக்கென்று பார்த்து, பாப்பாவை விடும் நர்சரியில் சூடேற்றும் பாய்லர் பழுது; மூடிவிட்டார்கள். கணவருக்கு போன் செய்தேன்.

"இன்னிக்கு ஒரு நாள் பாப்பாவ நீங்க பாத்துக்க முடியுமா?"

"முக்கியமான மீட்டிங்மா."

"எனக்கும் மீட்டிங்தான்."

"எங்க?"

"கார் பார்க்குல."

சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் பத்து மாதக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோனேன். வழியெல்லாம் மன்னிப்புக்கான வாக்கியங்களைத் தயார் செய்தேன். துரை எதையும் கேட்கவில்லை. "உண்மையான வாடிக்கையாளர் வந்துவிட்டார்!" என்று ஆங்கிலத்தில் கூவி, வண்டியைத் தலைவியின் கையில் கொடுத்துவிட்டார். "நர்ஸ் அறைக்குக் கூட்டிப்போங்கள்."

நீல டேப்பில் தலைவி கேட்ட கூடம். கூடமே பாதி இடத்தை விழுங்கியதால், அதைத் தாண்டியதும் வண்டி திரும்ப இடமில்லை; சக்கரம் தலைவியின் கணுக்காலில் இடித்தது. என் மகள் வீறிட்டாள். தலைவி வண்டியைத் தூக்கிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைக்கப் பார்த்தார்.

"அது சுவர்" என்றார் துரை.

"வெறும் டேப்!"

"டூட்டிங்கில் அது செங்கல்."

குகன் அண்ணா வேனிலிருந்து எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, அந்த மனுசிக்குச் சொல்லுங்கோ, உதுக்குள்ளால போக ஏலாது."

மஞ்சள் டேப்பில் துரையின் கிளினிக். அகலக் கதவு, ஒரே வளைவு, ஜன்னலோரம் பெஞ்சு. தலைவி ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டு நர்ஸ் அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது என் மகள் தூங்கியிருந்தாள். துரை உலகக் கோப்பை வாங்கியவர் போல நின்றார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. "இது அவள் வழக்கமாகத் தூங்கும் நேரம்" என்று உளறிவிட்டேன். போயிற்று வேலை என்று நினைத்தேன்.

தலைவி தன் கணுக்காலைத் தடவிக்கொண்டார். "தூங்கியது அவள் இஷ்டம். வண்டியைத் திருப்பியது நான். இங்கேதான் திருப்ப முடிந்தது" என்றார் மெதுவாக. "இதையே கட்டுங்கள்."

எனக்கு மூச்சு வந்த அதே நொடியில் மழையும் வந்தது. லண்டன் மழை, முன்னறிவிப்பில்லாமல். குழு மொத்தமும் ஒழுங்காக மஞ்சள் கதவைத் தேடி வரிசையில் நின்றது. துரை மட்டும் தன் மேல்கோட்டைக் கழற்றி வண்டிமேல் போட்டார். வண்டியைத் தள்ளிக்கொண்டு பெஞ்சு, ஜன்னல், மஞ்சள் சுவர், நீலச் சுவர் எல்லாவற்றையும் மிதித்து ஒரே நேர்க்கோட்டில் அலுவலக வாசலுக்கு ஓடினார்.

"துரை! சுவர்! சுவர்!" என்று கத்தினார் குகன் அண்ணா.

அவர் திரும்பியே பார்க்கவில்லை. நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது, வாசலில் சொட்டச் சொட்ட நனைந்து நின்று, என் மகளின் கன்னத்தில் விழுந்திருந்த ஒற்றைத் துளியை, அவள் விழித்துவிடாதபடி, டையின் நுனியால் ஒற்றிக்கொண்டிருந்தார்.