அத்தையின் மடியில் விழுந்த கண்ணாடி

பீளமேடு, கோயம்புத்தூர்
செவ்வாய்க்கிழமை முற்பகல்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை நவநீத் அவர்களுக்கு, மாமனார் லட்சுமணசாமி வணக்கத்துடனும் சிறிது நடுக்கத்துடனும் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் அத்தை பங்காரம்மாவும் நலம். வீடு நலம். குழாயில் தண்ணீர் வருகிறது. தங்கள் கார் ஏறக்குறைய நலம். அந்த 'ஏறக்குறைய'வை விளக்குவதற்கே இக்கடிதம்.

போனில் சொல்லாமல் கூரியரில், அதுவும் தங்கள் அலுவலக முகவரிக்கு, ஏன் அனுப்புகிறேன் என்று தாங்கள் யோசிக்கலாம். தங்கள் போனை என் மகள் பிரத்யுஷாதான் முதலில் எடுக்கிறாள். தணிக்கை வேலையில் இருப்பவள். நான் 'சௌக்கியமா கண்ணு' என்று கேட்கும் தொனியிலேயே எதையோ மறைக்கிறேன் என்று கண்டுபிடித்துவிடுவாள். பொங்கல் லீவுக்கு வந்து, சென்னையில் நிறுத்த இடமில்லை என்று தாங்கள் காரை எங்களிடம் விட்டுப் போனபோது அவள் விதித்த நிபந்தனை தங்களுக்கு நினைவிருக்கும். என் கண் அறுவைக்கு அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வண்டிக்கு ஒரு சிறு சேதம் என்றாலும் சாவி என் கையை விட்டுப் போகும், அன்றிலிருந்து எனக்கு ஆட்டோதான் என்றாள். எழுபது வயதில் மனிதனிடமிருந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்கிறார்கள். உப்பை வாங்கினார்கள், சர்க்கரையை வாங்கினார்கள், ஏணியில் ஏறும் உரிமையை வாங்கினார்கள். சாவி மட்டும் மிச்சம். ஞாயிறு காலை நீங்கள் இருவரும் வருகிறீர்கள். எனக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.

நடந்தது இதுதான். போன வியாழக்கிழமை கிணத்துக்கடவில் ஒரு புதுமனைப் புகுவிழா. ஈச்சனாரியைத் தாண்டி ஒரு வேகத்தடையில், நடைபயிற்சிக்காரர் ஒருவர் எங்களை முந்திப் போகும் வேகத்தில் ஏறி இறங்கினேன். அப்போது முன்கண்ணாடியின் நடுவே ஒட்டியிருந்த பின்பார்வைக் கண்ணாடி கழன்று, அத்தையின் மடியில் இருந்த சீர்த்தட்டில், வெற்றிலைக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவே யாரோ முறைப்படி வைத்ததுபோல் போய் உட்கார்ந்தது. அத்தை அதைப் பார்த்து, "நான் தொடவே இல்லீங்க" என்றாள். நானும் தொடவில்லை. தானாகத்தான் விழுந்தது. இந்த வாக்கியத்தை எழுத என் கை கூசுகிறது, மாப்பிள்ளை. முப்பத்தோரு வருடம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து நொறுங்கிய வண்டிகளைப் பார்வையிட்டவன் நான். 'தானாக' என்று சொன்ன ஒருவரையும் நம்பியதில்லை. 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். அவர்களில் சிலர் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்ற எண்ணம் வியாழக்கிழமை முதல் என்னை வாட்டுகிறது.

திரும்பி வந்த பயணத்தைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. பக்கக் கண்ணாடிகள் இரண்டும் இருந்தன. ஒன்றில் ஆகாயமும் மற்றொன்றில் என் காதும் தெரிந்தன. ஆகவே அத்தை சீட்டில் திரும்பி மண்டியிட்டு உட்கார்ந்து பின்பக்க நிலவரத்தைச் சொல்லிக்கொண்டு வந்தாள். "ஏனுங்க, பொறத்தால ஒரு லாரி வருதுங்க" என்றாள். எவ்வளவு தூரத்தில் என்று கேட்டேன். "டிரைவரு சட்டையில மேப்பொத்தான் இல்லீங்க" என்றாள். அதற்குப் பிறகு சுந்தராபுரம் வரை நான் மூச்சு விட்டதாக நினைவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உக்கடத்தில் கார்க் கண்ணாடி மாற்றும் ரசாக் பாய்க்குப் போன் செய்தேன். சர்வே காலத்துப் பழக்கம், நேர்மையான மனிதர். வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். பின்பார்வை இல்லாமல் உக்கடம் வரை ஓட்டும் துணிச்சல் இல்லை என்றேன். அப்படியானால் வீட்டிலேயே ஒட்டலாம் என்று முறையைச் சொன்னார். கண்ணாடியின் முதுகில் காசளவு ஓர் இரும்பு வில்லை இருக்கும். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து, அதற்கென்று விற்கும் பசையைத் தடவி, இடத்தில் வைத்து, ஒரு நிமிடம் அசையாமல் அழுத்த வேண்டும். இடம் தவறாமல் இருக்க முன்கண்ணாடியின் வெளிப்பக்கம் முதலில் ஒரு குறி வைத்துக்கொள்ள வேண்டும். "குறி முக்கியமுங்க சார். ஒட்டிப்போட்டா அப்புறம் பேச்சே இல்லீங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை அளவு நாடா பிடித்து, நடுவைக் கண்டுபிடித்து, கையில் வேறொன்றும் அகப்படாததால் பூஜை அறைக் குங்குமத்தைத் தொட்டு ஒரு குறி வைத்தேன். அதுதான் என் ஒரே கவனக்குறைவு. பசை வாங்க காந்திபுரம் நூறடி ரோட்டுக்குப் பஸ்ஸில் போய்த் திரும்புவதற்குள், வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, அத்தை வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்துவிட்டாள். என் குறியையும் சேர்த்துக் கழுவிவிட்டு, இடப்பக்கம், தன் சீட்டுக்கு நேர் எதிரே, ஒரே ஒரு குங்குமப் பொட்டு. எனக்குத் தெரியாது. சர்வேயருக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம், கண் சொல்வதைக் கேட்காதே, குறி சொல்வதைக் கேள் என்பது. அந்தப் பக்கக் கதவு வழியாகத் தலையை நுழைத்து, மல்லாந்து படுத்து, மேலே தெரிந்த பொட்டுக்கு நேராக ஒட்டி, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் அழுத்தினேன். பாதுகாப்புக்காக இன்னொரு நிமிடமும் அழுத்தினேன்.

எழுந்து ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தபோது கண்ணாடியில் பின்வழி தெரியவில்லை. வாசலில் நின்ற அத்தையின் தலையிலிருந்த மல்லிகைப்பூ தெரிந்தது. அவளை அழைத்து, அந்த இடத்தில் ஏன் பொட்டு வைத்தாய் என்று கேட்டேன். "அது என்ற மடியிலதானுங்களே உளுந்துச்சு? அப்பொத் திருஷ்டி இந்தப் பக்கந்தானுங்க" என்றாள். இதில் தர்க்கப்பிழை எங்கே இருக்கிறது என்று நாலு நாளாகத் தேடுகிறேன்.

ரசாக் பாயிடம் போனில், ஒரு நண்பர் இடம் மாற்றி ஒட்டிவிட்டதாகச் சொல்லி வழி கேட்டேன். வெறுங்கையால் பிடுங்கினால் முன்கண்ணாடியே விரிசல் விட்டுவிடும், வெயிலில் நின்றாலும் சொல்ல முடியாது என்று நண்பருக்குச் சொல்லச் சொன்னார். அன்றிலிருந்து வெயில் ஏற ஏறக் குடையை எடுத்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நிற்கிறேன். குடை முன்கண்ணாடிக்கு. எங்காவது 'டக்' என்று சத்தம் கேட்டால் உயிர் போய் வருகிறது. நேற்று கேட்டது எதிர்வீட்டுப் பிரஷர் குக்கர். அத்தைக்கு மட்டும் இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. மண்டியிடாமல் பின்னால் வருவதைப் பார்க்கலாமாம், தலை சரிசெய்துகொள்ளவும் தோதாம்.

ஞாயிறன்று பிரத்யுஷா அந்தச் சீட்டில்தான் உட்காருவாள். மறைக்க வழியில்லை. அவள் கேட்டு நான் கொடுப்பதைவிட நானே ஒப்படைப்பது கௌரவம் என்று முடிவு செய்து, சாவியை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். நேரம் பார்த்துத் தாங்களே அவளிடம் சொல்லவும். அவள் சாப்பிட்ட பிறகு சொல்லவும்.

தங்களுக்கும் பிரத்யுஷாவுக்கும் எங்கள் ஆசிகள் என்றும் உண்டு. அத்தை பருப்புப் பொடி அரைத்து வைத்திருக்கிறாள். வண்டி ஓட்டும்போது வேகத்தடைகளில் கவனம்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்
லட்சுமணசாமி

பி.கு.: இன்று புதன். கவரை ஒட்டப் போனபோது அத்தை, "ஒருக்கா பாய்கிட்டக் காட்டிப்போட்டு அப்புறமா ஒட்டுங்க" என்றாள். அவள் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, நான் ஓட்டி, இருவரும் உயிருடன் உக்கடம் சேர்ந்தோம். ரசாக் பாய் கண்ணாடியைப் பார்க்கவில்லை. நம்பர் பிளேட்டைத்தான் பார்த்தார். "இந்த வண்டி உங்குளுதுங்களா சார்? பொங்கல் லீவுல ஒரு தம்பி இந்தக் கண்ணாடியவே துண்டுல சுத்தி எடுத்துட்டு வந்தாருங்க. நான்தான் ஒட்டுனேன். ஒரு நாள் இங்கயே நிக்கட்டும், பசை எறுகோணும்னேன். கேக்குலீங்க. ஊட்ல தெரிஞ்சா சம்சாரம் சாவிய வாங்கி வெச்சுக்கும், யாருகிட்டயும் சொல்லிராதீங்க பாய்னு அத்தனை கெஞ்சுனாருங்க. அரை மணி நேரத்துல எடுத்துட்டுப் போயிட்டாரு" என்றார்.

ஆகவே, மாப்பிள்ளை, மேலே உள்ளவற்றை எழுதப்படாதவையாகக் கருதவும். கண்ணாடி இப்போது நடுவில் இருக்கிறது. வண்டி நாளை வரை பாய் கடையில் நிற்கும். பிரத்யுஷாவிடம் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கவரிலிருந்து சாவியை எடுத்துவிட்டேன். ஞாயிறு காலை ரயில் நிலையத்துக்கு நானே வண்டியோடு வருகிறேன். தாங்கள் பின்சீட்டின் நடுவில் உட்காரவும். பீளமேடு வரும்வரை தங்கள் முகம் எனக்குத் தெரிய வேண்டும்.