நோன்பு மாதத்தில் நாலு கல்யாணம்

கற்பிட்டி முனையிலிருந்து சிலாபம் வரைக்கும், திகதி நானாவிடம் "இண்டைக்கு என்ன திகதி?" என்று இரண்டாவது தடவை கேட்ட மனிதன் ஒருவனும் கிடையாது. முதல் தடவை கேட்டவன் அதற்குப் பிறகு பின்னால் உள்ள சிறிய ஒழுங்கை வழியாகச் சுற்றிப் போவான்.

நானா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்; தில்லையடியில் எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது. முன் அறையில் கொம்பியூட்டர் வகுப்பு. யாராவது தெரியாத்தனமாகத் திகதி கேட்டுவிட்டால், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஐந்து இலக்கத்தில் ஓர் எண் சொல்வார். கேட்டவன் விழிப்பான். அதுதானே அவருக்கு வேண்டும்.

"கொம்பியூட்டருக்கு மாசமும் தெரியாது, கிழமையும் தெரியாது தம்பி. ஆயிரத்தித் தொளாயிரமாம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதிய ஒண்டு எண்டு புடிச்சி, நாளுக்கு ஒண்டு கூட்டிக்கிட்டே போகும். நமக்குக் காட்டக்குள்ள மட்டும் அந்த எண்ணுக்கு சட்ட மாட்டி, திகதி மாதிரி நிப்பாட்டும்!"

நேரமும் அப்படித்தான். பகல் பன்னிரண்டு மணி என்றால் அரை நாள், அதாவது 0.5. ஆகவே கடைத்தெருவிலிருந்து மனைவிக்கு அழைப்பெடுத்து, "புள்ளி அஞ்சுக்கு சாப்பிட வாறேன்" என்பார். அவர் மனைவியை நாங்கள் தாத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவோம்; அந்தத் தாத்தாவின் பிரிஜ்ஜில் இறால் பொதி, மீன் பொதி எல்லாவற்றிலும் அவர் கையெழுத்தில் ஐந்து இலக்கம். "இது நேத்தைய இறாலா, போன பெருநாளைய இறாலா எண்டு நான் எப்படிக் கண்டுபுடிக்க?" என்று தாத்தா மதிலுக்கு மேலால் எங்கள் உம்மாவிடம் முறையிடுவார். சந்தேகம் வந்த இறாலெல்லாம் பூனைக்குப் போகும். எங்கள் தெருப் பூனைகள் நடக்கவே சிரமப்பட்டன.

நானும் ஒழுங்கை வழியாகப் போகிற கூட்டத்தில் ஒருவன்தான். என் கல்யாணம் வரும் வரைக்கும்.

பெண் வீட்டார் தொண்ணூறாம் ஆண்டு யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு அகதிகளாக வந்தவர்கள். என் பெரியாப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "வந்த சனத்துல பொண்ணெடுக்கிறதா?" என்று முறுக்கிக்கொண்டு நின்றவரை வாப்பா மாதக் கணக்காகக் கெஞ்சி இறக்கினார். பெருநாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்து, மண்டபமும் பேசியாயிற்று. நாள் தள்ளினால் பெரியாப்பா அதையே சாட்டாக வைத்துக் கல்யாணத்தையும் தள்ளிவிடுவார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நாளை உறுதிப்படுத்திக்கொள்ள மண்டபத்துக்குப் போனேன். மண்டபத்தின் சொந்தக்காரரான ஹாஜியார் புது லெப்டொப்பைத் தட்டிப் பார்த்தார்.

"அந்த ஞாயிறு சும்மாதானே ஈக்குது தம்பி. வேற ஒரு கல்யாணத்துக்குக் குடுக்கப் போறேன். பொழுது பட்டு மக்ரிபுக்கு வாறாங்க."

"ஹாஜியார், என்ட கண்ணுக்கு முன்னாலதானே நீங்க பதிஞ்ச!"

என் பெயரைத் தேடினார். இருந்தது. திகதியைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒங்கட கல்யாணம் நாலு வருஷத்துக்கு முந்தியே முடிஞ்சி போச்சே தம்பி. இது ரெண்டாவதா?"

எவ்வளவு சொல்லியும் மனிதர் அசையவில்லை. இனி வரும் மாதங்களுக்கு மண்டபத்தில் ஒரு பதிவும் இல்லை, நாட்டு நிலைமை அப்படி, ஆட்கள் கல்யாணமே வைக்கிறார்களில்லை என்று என்னிடமே குறைப்பட்டார்.

எனக்கு வேறு போக்கிடம் இல்லை. திகதி நானாவின் வகுப்புக்குள் ஓடினேன். முழுவதையும் கேட்கக்கூட இல்லை, உடுத்திருந்த சாரத்தோடே மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டார். வாழ்நாள் முழுக்க அவர் காத்திருந்த அழைப்பு அது.

மண்டபத்தில் லெப்டொப்பைத் தன் பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மிகவும் பணிவாகக் கேட்டார்.

"ஹாஜியார், நோன்பு மாசத்துல நாலு கல்யாணத்துக்கு மண்டபம் குடுத்தீக்கிறீங்களே?"

"அஸ்தஃபிருல்லாஹ்! நோன்புல யாரு கல்யாணம் வைப்பாங்க?"

"அதும் கொரோனா ஊரடங்கு நோன்பு. விடியச் சஹர் சாப்பாட்டுக்கு பிரியாணியா ஹாஜியார்? எல்லாம் திங்கக்கிழம வேற."

"எங்கட ஆக்கள் ஞாயித்துக்கிழமதானே கேப்பாங்க..." ஹாஜியாரின் குரல் இறங்கிப் போயிற்று.

"இந்தப் பதிவெல்லாம் முந்தி எதுல இருந்திச்சி?"

மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பழைய கொம்பியூட்டர் ஒன்றில் இருந்ததாம். போன கிழமைதான் புதியதற்கு மாற்றினார்களாம். நானா மேசையில் ஓங்கித் தட்டினார்.

"அதானே! அந்தப் பழைய வகை, தொளாயிரத்தி நாலாமாண்டுல இருந்து எண்ணத் தொடங்கும். இது தொளாயிரத்துல இருந்து. எண் மாறல்ல, தொடக்கம் மாறிட்டு. எல்லாத் திகதிக்கும் நாலு வருஷமும் ஒரு நாளும் கூட்டுங்க!"

சொல்லிவிட்டு நானாவே கூட்டினார். திங்கட்கிழமையெல்லாம் ஞாயிற்றுக்கிழமையாயின. நோன்புக் கல்யாணங்கள் பெருநாளைத் தாண்டிப் போய் இறங்கின. எங்கள் ஞாயிற்றுக்கிழமையில் என் பெயர் வந்து நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஹாஜியார் கதிரையில் சாய்ந்து, "போதும் நானா, இவரட சரிதானே" என்றார்.

"மத்தப் பொண்ணுகள் என்ன பாவம் செஞ்ச?" என்று சொல்லி, கடைசிப் பதிவு வரைக்கும் திருத்திய பிறகுதான் நானா எழும்பினார். மக்ரிபுக்கு வந்தவர்கள் வேறொரு ஞாயிற்றுக்கிழமையை வாங்கிக்கொண்டு போனார்கள்.

கல்யாணத்தன்று, ஆறு பேர் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் பெரிய தட்டான சஹன் ஒன்றில், ஒரு பக்கம் என் பெரியாப்பா, மறு பக்கம் என் மாமனார், நடுவில் திகதி நானா. ஆயிரத்துத் தொள்ளாயிரமாம் ஆண்டில் இல்லாத ஒரு பெப்ரவரி இருபத்தொன்பதை அந்த மென்பொருள் எப்படிச் சேர்த்து எண்ணுகிறது என்று, சோற்றில் கையை வைத்தபடி விளக்கிக்கொண்டிருந்தார். சஹனை விட்டு எழும்பிப் போகவும் முடியாது. அதுவரை மாமனாரோடு ஒரு வார்த்தை பேசாத பெரியாப்பா, நானாவின் முதுகுக்குப் பின்னால் எட்டி, "ஒங்கட பக்கமும் இப்படி ஆக்கள் ஈக்கிறாங்களா?" என்று கேட்டார். "மன்னார்லயும் ஒருத்தர் இருந்தாரு" என்றார் மாமனார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நானா தன் விளக்கத்துக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து, சஹனிலிருந்த நல்ல இறைச்சித் துண்டுகளை இருவர் பக்கமும் தள்ளி வைத்தார். அல்லாஹ் அந்த மனிதருக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும்.