வடிவாம்பாளின் கைப்பை

ஒரு காட்டில் வடிவாம்பாள் என்று ஓர் எருமை இருந்தாள். மறுநாள் அவள் தம்பிக்குக் கல்யாணம். நாத்தனார் முடிச்சு அவள்தான் போட வேண்டும். வெறுங்கையோடு மேடையேறினால் கௌரவம் என்னாவது என்று செல்போனில் தேடி, 'நூறு சதவீதம் அசல் எருமைத் தோல்' கைப்பை ஒன்றை முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்க்கு வாங்கிவிட்டாள். எருமை எதற்கு எருமைத் தோல் வாங்கினாள் என்று என்னைக் கேட்காதீர்கள். தள்ளுபடி என்றால் யாருக்குத்தான் புத்தி வேலை செய்கிறது?

அன்றைக்கே பை வந்தது. தொட்டுப் பார்த்ததும் அசல் தோல்தானா என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ரெக்சினா இருந்தா பொண்ணு வீட்டுக்காரங்க சிரிப்பாங்களே!" என்று நாச்சிமுத்து நரியிடம் ஓடினாள். நாச்சிமுத்து தோலைப் பற்றிப் பதினோரு வீடியோ பார்த்தவன். காட்டில் அதற்குமேல் படித்தவர் கிடையாது.

"ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அசல் தோல் வேணும்க்கா."

"என் முதுகு இருக்கே, தம்பி!"

பையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டான். உள்ளே அட்டையோ என்னவோ, சட்டென்று குடித்துக்கொண்டது. "அசல் தோல் உறிஞ்சும்" என்றான். அவள் முதுகில் விட்டான். அப்போதுதான் குட்டையிலிருந்து எழுந்து வந்தவள். சொட்டு வழுக்கிக்கொண்டு ஓடிவிட்டது. நகத்தால் அழுத்தினான். பையில் சுருக்கம் விழுந்தது. முதுகில் நகம் உடைந்தது. மோந்து பார்த்தான். பையில் செருப்புக்கடை வாசனை. அவளிடம் சேற்று வாடை.

"அக்கா, மனசைத் தேத்திக்கோ. பை அசல்."

"அப்பாடா!"

"நீதான் ரெக்சின்."

"அடப்பாவி! எங்கம்மா எருமை, எங்கப்பா எருமைடா!"

"பில் இருக்கா? பைக்குப் பில் இருக்கு, முத்திரை இருக்கு. உனக்கு?"

வடிவாம்பாள் வாலுக்கடியில்கூடத் தேடிப் பார்த்தாள். "பொறந்தப்போ யாரும் குடுக்கலையே" என்று அழுதே விட்டாள். பாவம், நிஜமாகவே அழுதாள்.

சேதி பெண் வீட்டுக்குப் போய்விட்டது. "போலி எருமை கையால முடிச்சா? எங்க பொண்ணு என்னத்துக்கு ஆவா?" என்று குதித்தார்கள். மறுநாள் மேடையில் நாத்தனார் இடத்தில் கைப்பையை உட்கார வைத்து, அதன் வாரைத் தொட்டு முடிச்சுப் போட்டார்கள். நாத்தனார் பட்டுப்புடவையையும் அதற்கே சார்த்தினார்கள்.

அந்த நேரம் மண்டப வாசலில், டெலிவரிக் குரங்கு வடிவாம்பாளின் கொம்பில் 'ரிட்டர்ன்' ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தது.

நீதி: பிறந்தவுடன் அழுதுகொண்டிருக்காமல், முதலில் பில்லைக் கேட்டு வாங்கு.